நாளும் ஒரு கோடு

சித்திரத்தைக் கையின் பழக்கத்தோடு இணைத்துப் பேசும் ஔவையாரின் தனிப்பாடலை அறியாத தமிழ் மாணவர் இலர். கீழ் வகுப்புக்களிலேயே மனனஞ் செய்யப்படும் பாடலாதலின், அதன் பொருள் எளிதென எண்ணி யாவரும் கடந்து செல்வர். பழகினாற் சித்திரம் வரும் என்பது உண்மையே. ஆனால், பழக்கம் எதனால் வரும் என்னும் வினாவுக்கு அப்பாடலில் விடை இல்லை. புலவர் விடை கூறாமல் விட்டது குறையன்று. அதனைத் தேடுவது படிப்பவர் கடன்.

புதிய சித்திரக் கொப்பி ஒன்றை வாங்கி, முதற் பத்துப் பக்கங்களை ஆர்வத்தோடு நிரப்பி, பின்னர் அதனை அலுமாரியில் வைத்து மறந்தவர் பலர். அவருட் கைத்திறன் இல்லாமையால் விட்டவர் மிகச் சிலரே. 'இன்று நேரமில்லை, நாளைக்கு வரையலாம்' என்று விட்டவரே பெரும்பாலார். பாடசாலையிற் சித்திரத்துக்குப் பரிசு பெற்ற மாணவர், க. பொ. த. சாதாரண தரப் பரீட்சை முடிந்தபின் ஒரு கோடுதானும் கீறாது காலங்கழிப்பதை ஆசிரியர்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர். அம்மாணவரிடம் இருந்த திறமை எங்கே போயிற்று? திறமை போகவில்லை, அதனை நாள்தோறும் வெளியே அழைத்து வந்த ஏதோ ஒன்று நின்றுவிட்டது. அந்த ஒன்று யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

பழைய உரோம ஆசிரியரான பிளினி, தமது இயற்கை வரலாற்று நூலின் 35ஆம் பகுதியிற் கிரேக்க ஓவியர் அப்பெலிஸ் என்பாரைப் பற்றி இரு செய்திகள் கூறுகின்றார். அலெக்சாந்தர் மன்னனின் ஓவியராக விளங்கிய அப்பெலிஸ், எத்துணை வேலை நெருக்கம் உள்ள நாளாயினும் ஒரு கோடாவது வரைந்து பயிலாமல் விடுவதில்லை என்பது ஒன்று. இது பிற்காலத்தில் ஐரோப்பிய மொழிகளிற் பழமொழியாயிற்று. மற்றையது, அவர் தம் படங்களை வழிப்போக்கர் காணும்படி வெளியில் வைத்துவிட்டு, அவற்றின் பின்னே மறைந்து நின்று குறைகளைக் கேட்பார் என்பது. ஒரு நாட் செருப்புத் தைப்பவன் ஒருவன் படத்திலுள்ள மிதியடியிற் பிழை கண்டான். மறுநாள் அப்பிழை திருத்தப்பட்டிருந்தது. அதனாற் செருக்குற்று அவன் காலின் வடிவத்தையுங் குறைகூறத் தொடங்கவே, செருப்போடு நிற்கும்படி ஓவியர் கண்டித்தார். இக்கதையை எடுத்தாள்வோர் பெரும்பாலுங் கண்டிப்பையே வற்புறுத்துவர். அதன் முற்பகுதியே மேலானது. தம் காலத்தின் தலைசிறந்த ஓவியர் ஒருவர், பெயர் தெரியாத தொழிலாளி ஒருவனின் சொல்லை ஏற்று ஒரே நாளிற் படத்தைத் திருத்தினார் அல்லவா? நாளும் ஒரு கோடு வரைந்ததும், பிறர் கண்ணுக்குத் தம்மை உட்படுத்தியதும் ஆகிய இரண்டும் ஒருவரிடமே இருந்தமை தற்செயலானதன்று எனக் கொள்ளலாம். இக்கதைகள் எவ்வளவு வரலாற்றுண்மை உடையன என்று அறுதியிடுதல் அரிது. பிளினி எழுதியது அப்பெலிஸ் வாழ்ந்து ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளின் பின்னராகும்.

எழுத்துச் சான்று நிறைந்த எடுத்துக்காட்டு வேண்டின், ஒல்லாந்து நாட்டு ஓவியர் வின்சென்ற் வான் கோவின் வரலாற்றை நாடவேண்டும். 1853இற் பிறந்த இவர் பதினாறாம் வயதிற் கூப்பில் என்னும் ஓவிய வணிக நிலையத்திற் சேர்ந்தார். ஹேக், இலண்டன், பாரிஸ் ஆகிய நகரங்களிற் பணியாற்றி 1876இல் அவ்வேலையை இழந்தார். பின்னர் இங்கிலாந்திற் சில காலம் ஆசிரியராக இருந்தார், புத்தகக் கடையில் வேலை செய்தார், சமயக் கல்வி பயிலத் தொடங்கிக் கைவிட்டார், பெல்ஜியத்தின் போரினாஜ் என்னும் நிலக்கரிச் சுரங்கப் பகுதியிற் போதகராகச் சென்றார், அதிலும் நிலைக்கவில்லை. இருபத்தேழு வயதில் அவர் கையில் எத்தொழிலும் இல்லை. சிறுவயதிலேயே மேதையாக விளங்கியவர் என்று இவரைக் கருதுவோர் இவ்வாண்டுக் கணக்கை மறந்துவிடுகின்றனர்.

1879ஆம் ஆண்டு ஆவணியில், பாரிசிலுள்ள ஓவிய வணிகத்திற் பணிபுரியவிருந்த தம்பி தியோ அவரைச் சந்தித்து, ஏதேனும் ஒரு தொழிலைக் கற்குமாறு அறிவுரை கூறினார். மனம் நொந்த தமையனார் ஏறத்தாழப் பத்து மாதங்கள் தம்பிக்குக் கடிதம் எழுதினாரல்லர். 1880 ஆனியில், தியோ அனுப்பிய 50 பிராங்குக்கு நன்றி கூறும் நீண்ட கடிதத்தோடு அம்மௌனம் கலைந்தது. அதே கோடையிலேதான் அவர் சித்திரக்காரராவதென முடிவு செய்து ஒழுங்காக வரையத் தொடங்கினார். கடிதம் நின்ற காலத்தில் வாழ்வுக்குத் திசையில்லை. கடிதம் மீண்ட காலத்தில் வரைதல் தொடங்கியது. ஒன்றுக்கு மற்றொன்றே காரணம் எனத் துணிந்து கூறல் பிழையாகும். எனினும் அதன்பின் பத்தாண்டுகள் இவ்விரண்டும் ஒரு வண்டியின் இரு சில்லுகள்போல உடன் சென்றமை யாவருங் காணக்கூடியது.

அவர் தொடங்கிய முறையும் கவனித்தற்குரியது. சாள்ஸ் பார்க் என்பவர், ஜெரோம் என்னும் ஓவியரோடு சேர்ந்து ஆக்கிய சித்திரப் பாடநூற் தாள்களைக் கூப்பில் நிலையம் வெளியிட்டிருந்தது. ஹேக் நகரில் அந்நிலையத்தின் தலைவராயிருந்த தேர்ஸ்தேக் அத்தாள்களை வின்சென்றுக்கு இரவலாக அனுப்பினார். அவற்றுள் ஒரு தொகுதி கரிக்கோலால் வரைதற்குரிய 60 படங்கள் கொண்டது. மனித உடலின் புறக்கோடுகளே அவற்றின் பொருள். கெம் என்னும் சிற்றூரிற் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் வீட்டில் இருந்துகொண்டு, ஏறக்குறைய இரு வாரங்கள் காலை முதல் மாலை வரை அவற்றைப் பார்த்து வரைந்ததாகத் தம்பிக்கு எழுதினார். 'இன்று எதை வரைவது?' என்னும் வினாவுக்கு அங்கே இடமில்லை. நேற்று 23ஆம் தாள் முடிந்ததாயின் இன்று 24ஆம் தாள். வரையத் தொடங்குவோரின் நாட்கள் பெரும்பாலும் வரைவதிற் கழிவதில்லை, பொருளைத் தேடுவதிலேயே கழிகின்றன. எண்ணிட்ட தாள்கள் அத்தேட்டத்தை ஒழித்துவிட்டன. பிறர் படத்தைப் பார்த்து வரைதல் சிந்தனையைக் கொல்லும் என்று இக்காலத்துச் சித்திர ஆசிரியருட் சிலர் அஞ்சுவர். அவ்வச்சத்திற் சிறிது நியாயம் உண்டு. ஆயின் வான் கோவின் சிந்தனை அவ்வறுபது தாள்களாற் குன்றியதாகத் தெரியவில்லை.

எண்ணால் தம்மைக் கட்டிக்கொள்ளும் இவ்வழக்கத்தை அவர் பின்னும் விடவில்லை. 1882ஆம் ஆண்டு பங்குனியில், அம்ஸ்ரடாமில் ஓவிய வணிகராயிருந்த அவர் சிறிய தந்தையார், ஹேக் நகரக் காட்சிகள் 12 வரைந்து தருமாறு, ஒன்றுக்கு இரண்டரைக் கில்டர் வீதம் பேசிக் கேட்டார். அவை முடிந்து 30 கில்டர் கைக்கு வந்தது. அடுத்து வரைந்தனுப்பிய தொகுதிக்குக் கிடைத்தது 20 கில்டரே. அத்தகைய படங்கள் விலைபோகுமா என்னும் ஐயமும் உடன் வந்தது. அவருக்கு வருத்தம் ஏற்பட்டதாயினும் வரைதல் நிற்கவில்லை. அவ்வாண்டு ஆவணியில், கொல்லனையுந் தச்சனையுங் கொண்டு, நூல் கட்டிய சட்டம் ஒன்றை நீண்ட கால்களோடு செய்வித்துக் கடற்கரை மணற்பரப்புக்குத் தூக்கிச் சென்று, அதனூடாகப் பார்த்துத் தூரமும் அண்மையும் பிழையாது வரையப் பழகினார். அக்கருவியின் படமும் தம்பிக்குப் போன கடிதத்தில் உண்டு. 1884இன் இறுதியில் நூனன் என்னும் ஊரில், குடியானவரின் முகங்கள் 50 தீட்டவேண்டுமென்று தமக்குத்தாமே கணக்கு விதித்தார். அக்குளிர்காலத்து முகங்களுள் நாற்பதுக்கு மேற்பட்டவை இன்றும் உள. 'உருளைக்கிழங்கு உண்போர்' என்னும் பெயர்பெற்ற ஓவியம் 1885இல் எழுந்தது அம்முகங்களின் மேலேதான்.

இனித் தம்பியின் பங்கைப் பார்ப்போம். வின்சென்ற் தியோவுக்கு எழுதிய கடிதங்களுள் 650க்கு மேற்பட்டவை எஞ்சியுள்ளன. தியோவின் மறைவுக்குப்பின் அவர் மனைவி யோகன்னா அவற்றைத் தொகுத்து 1914இல் மூன்று பகுதிகளாக வெளியிட்டார். அன்பு, சச்சரவு, பணமுடை, நூற்படிப்பு யாவும் அவற்றில் உண்டு. ஆயினும் கடிதத்துக்குக் கடிதம் மாறாது வருவது, இவ்வாரம் என்ன வரைந்தேன், எதிற் பிழைத்தேன், அடுத்து எதனை முயல்வேன் என்னும் கணக்கேயாம். பல கடிதங்களின் நடுவே, முடிந்த படத்தின் சிறு வடிவம் பேனாவாற் கீறப்பட்டுள்ளது. ஒரு வாரம் சோம்பியிருந்தால் அடுத்த கடிதத்தில் எழுத ஒன்றும் இராது. தியோ கேள்வி கேட்கும் பரிசோதகரல்லர், புள்ளி இடுபவருமல்லர். காத்திருக்கும் ஒருவராக அவர் இருந்தார். அது போதுமானதாயிற்று.

இங்கே ஒரு தடை எழலாம். தியோ பணமும் அனுப்பினாரே. ஹேக்கில் இருந்த காலத்தில் மாதம் 150 பிராங்கு அளவில் வந்ததே. ஆகவே வரைதலை நடத்தியது அப்பணமன்றோ என்பர் சிலர். பணமின்றித் தாளும் மையும் உணவும் இல்லை என்பது மறுக்கமுடியாதது. ஆனால் அப்பணம் ஒவ்வொரு படத்துக்கும் இட்ட விலையன்று. நல்ல படம் வந்த மாதமும் கெட்ட படம் வந்த மாதமும் அது ஒரே அளவாக வந்தது. 1884இன் தொடக்கத்தில் வின்சென்றே, தாம் அனுப்பும் படங்களைத் தியோவின் உடைமையாகக் கொள்ளவேண்டுமென்றும், அப்பணத்தைத் தாம் உழைத்துப் பெற்றதாகக் கருத விரும்புவதாகவும் கூறி ஓர் உடன்பாடு வேண்டினார். பெறுவது பிச்சையாகிவிடலாகாது என்னும் மானமே அங்கே பேசுகின்றது.

புகழும் பரிசும் வரைதலுக்குச் செய்வது யாது என்பதற்கு, ஆசிரியர் ஒவ்வொருவரும் அறியவேண்டிய ஆய்வொன்று உண்டு. 1973இல் லெப்பர், கிறீன், நிஸ்பெற் என்னும் உளவியலாளர் மூவர், அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிறுவர் பள்ளியில் நடத்திய சோதனையை வெளியிட்டனர். வண்ணப் பேனாக்களால் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள 51 பிள்ளைகள் தெரிந்தெடுக்கப்பட்டனர். வயது மூன்று முதல் ஐந்து வரை. ஒரு குழுவினரிடம், வரைந்தால் பொன்னிற நட்சத்திரமும் பட்டுநாடாவும் ஒட்டிய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. இன்னொரு குழுவினர்க்கு ஒன்றுஞ் சொல்லாமல் முடிவில் அதே சான்றிதழ் வழங்கப்பட்டது. மூன்றாங் குழுவினர்க்குச் சான்றிதழே இல்லை. ஓரிரு வாரங்களின்பின், பிள்ளைகள் விரும்பியதைச் செய்யக்கூடிய விளையாட்டு நேரத்தில், யார் யார் எவ்வளவு நேரம் தாமாகவே வரைகின்றனர் என்று மறைவிலிருந்து கணிக்கப்பட்டது. பரிசை எதிர்பார்த்து வரைந்தவர் தம் நேரத்தில் நூற்றுக்கு 8.6 பங்கையே வரைதலிற் செலவிட்டனர். எதிர்பாராமற் பரிசு பெற்றோர் 18.1 பங்கும், பரிசே பெறாதோர் 16.7 பங்கும் செலவிட்டனர். பரிசை எதிர்பார்த்தோர் சோதனையின்போது வரைந்த படங்களும் தரத்திற் குறைந்தனவாகவே மதிப்பிடப்பட்டன.

வரைதலை விரும்பிய பிள்ளை, பரிசுக்காக வரைந்தபின், பரிசில்லாத இடத்தில் அதனைப் பாதியாகக் குறைத்துக்கொண்டது என்பதே இதன் சாரம். பரிசு பெற்ற சித்திர மாணவர் பரீட்சைக்குப்பின் வரையாமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். சிறு பிள்ளைகள் சிலரிடம் கண்டதை எல்லா வயதினர்க்கும் ஏற்றிச் சொல்லுதல் தகாது. பரிசளிப்பு விழாவை நிறுத்திவிட வேண்டும் என்பதும் இதன் கருத்தன்று. ஆனால் 'இது எத்தனை புள்ளி பெறும்?' என்று கேட்கும் மாணவனையும், 'இதைப் பார்ப்பீர்களா, சேர்?' என்று கேட்கும் மாணவனையும் ஒரே வகையினராக எண்ணுதல் கூடாது. முன்னவன் கூலியைத் தேடுகின்றான். பின்னவன் சாட்சியைத் தேடுகின்றான். தியோ இருந்தது சாட்சியின் இடத்திலேயாம்.

எல்லாச் சாட்சியும் நன்மை செய்வதில்லை என்பதற்கும் வான் கோவின் வரலாறே சான்று. உறவினரான ஓவியர் அன்ரன் மௌவ அவருக்கு ஹேக்கிற் பயிற்சியளித்தார். வண்ணங்களையும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் சாந்துச் சிலைகளைப் பார்த்து வரையவேண்டுமென்று வற்புறுத்தவே, வின்சென்ற் அச்சிலைகளை உடைத்து நிலக்கரித் தொட்டியில் எறிந்தார். சில மாதங்களுக்குள் ஆசிரியத் தொடர்பு அற்றுப்போயிற்று. பிறஸல்சில் 1880இற் சந்தித்த ராப்பார்ட் என்னும் இளம் ஓவியர் ஐந்தாண்டுகள் நல்ல தோழராயிருந்து, படங்களையுங் குறைகளையும் பரிமாறிக்கொண்டார். 1885இல் 'உருளைக்கிழங்கு உண்போர்' படத்தின் அச்சைக் கண்டு அவர் எழுதிய கடுமையான கடிதத்தோடு அந்நட்பும் முறிந்தது. ராப்பார்ட் சுட்டிய சில குறைகள் உண்மையானவையே. ஆயினும் பிழையைச் சொல்லுதல் வேறு, இத்தொழிலுக்கு நீ உரியவனோ என்று கேட்டல் வேறு. செருப்புத் தைப்பவன் முதல்நாட் கூறியது முந்தியது. மறுநாட் கூறியது பிந்தியதை ஒட்டியது.

சாட்சியாக வேறொருவர் இல்லாதவர் யாது செய்வர்? யப்பானிய ஓவியர் ஹொக்குசாய் (1760–1849) காட்டிய வழி ஒன்று உண்டு. எண்பது வயதைக் கடந்த அவர், 1842ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடங்கி 1843 வரை, தீவினை அகலுமாறு நாள்தோறும் ஒரு சிங்கத்தை வரைவதை நியமமாகக் கொண்டார். சில வேளை மெய்யான சிங்க வடிவம், சில வேளை சிங்க முகமூடி அணிந்து ஆடுவோன். தூரிகையால் விரைந்து வரைந்த இத்தாள்கள் இருநூறுக்கு மேல் எஞ்சியுள்ளன. பலவற்றில் அன்றன்றைய தேதி குறிக்கப்பட்டுள்ளது. விற்பதற்காக வரைந்தவையல்ல அவை. பொருள் ஒன்றே, தாள் சிறிது, தேதி கட்டாயம். அத்தேதியே அவர்க்குச் சாட்சி. நீராடிப் பூசை செய்வதை நாளும் தவறாது நடத்தும் முதியோரைக் கண்டு பழகியவர்க்கு ஹொக்குசாயின் செயல் வியப்பாய்த் தோன்றாது. 'இன்று மனம் இல்லை' என்று யாரும் பூசையை ஒத்திவைப்பதில்லை. மனம் வந்தபின் செய்வதன்று நியமம். செய்யச் செய்ய மனம் வருவது.

ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று கொப்பியை மூடிவிடுவதே பலரைக் கெடுப்பது. 2010இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த லல்லி முதலியோர் வெளியிட்ட ஆய்வு இங்கே பயன்படும். 96 பேர் தாம் விரும்பிய ஓர் எளிய செயலை, நாளின் ஒரு குறித்த வேளையோடு இணைத்து, 84 நாட்கள் செய்துவந்தனர். அச்செயல் தானாகவே நிகழும் பழக்கமாவதற்கு இடைநிலையாக 66 நாட்கள் சென்றன. ஆளுக்கு ஆள் இக்கணக்கு 18 முதல் 254 வரை வேறுபட்டது. இடையே ஒரு நாள் தவறியதாற் பழக்கத்தின் வளர்ச்சி குறிப்பிடத்தக்க அளவிற் குன்றவில்லை. நீர் அருந்துதல், பழம் உண்ணுதல் போன்றவையே அங்கு ஆராயப்பட்டன ஆதலின், வரைதற்கும் 66 நாளே போதும் என்று நாட்காட்டியிற் குறித்து வைப்பது பேதைமை. ஒரு நாள் தவறுவது பெருங்கேடன்று என்பதை மாத்திரம் அவ்வாய்வினின்றும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆங்கில அறிஞர் றஸ்கின் இதனை முன்னரே ஒருவாறு உணர்ந்திருந்தார். 1854இல் இலண்டனிலே தொழிலாளர்க்கென நிறுவப்பட்ட கல்லூரியில், பகல் முழுதும் உழைத்துவிட்டு மாலையில் வந்தவர்க்கு அவர் சித்திரம் கற்பித்தார். 1857இல் வெளியிட்ட சித்திரப் பாடநூலில், ஆறு மாதங்கள் நாளொன்றுக்கு ஒரு மணி, அல்லது ஓராண்டு ஒன்றுவிட்டொரு நாள் ஒரு மணி, எவ்வாறாயினும் மொத்தம் 150 மணி அளவிற் கவனம் செலுத்தினாற் கண்டதைக் கண்டபடி வரையும் ஆற்றல் கைவரும் என்கின்றார். முதற் பயிற்சியோ ஒரு சிறு சதுரத்தைப் பேனாக் கோடுகளால் ஒரே சீராக நிழலிடுவது. அது சலிப்பூட்டுவதே; ஆயினும் செய்து பார்த்தவர்க்கு அதன் அருமை விளங்கும். நாளைக் கணக்கிடாது மணியைக் கணக்கிட்டமையால், தவறிய நாளை அடுத்த நாள் ஈடுசெய்ய இடமுண்டு. வேலைக்குப் போகும் பழைய மாணவர்க்கு ஹொக்குசாயின் முறையினும் றஸ்கினின் முறையே பொருந்தும்.

பாடசாலையில் இதனை நடத்துவதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. கோடிடாத கொப்பி ஒன்று, பென்சில் ஒன்று, ஒரு தவணைக்கு ஒரே பொருள் (மாணவனின் கையே ஆகலாம், வகுப்பறை யன்னலூடாகத் தெரியும் வேப்பமரமே ஆகலாம்), ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, கிழித்தெறிதல் இல்லை என்ற கட்டுப்பாடு: இவ்வளவே. இருவர் இருவராக மாணவர் வாரத்துக்கொருமுறை கொப்பிகளை மாற்றிப் பார்ப்பது, ஆசிரியர் ஒருவரே நாற்பது கொப்பிகளைப் பார்ப்பதிலும் பயன்தரும். ஆசிரியர் பார்க்கும்போது சிவப்பு மை வேண்டா. சென்ற மாதத்துப் பக்கத்தையும் இம்மாதத்துப் பக்கத்தையும் அருகருகே விரித்துக் காட்டினால், வேறுபாட்டை மாணவனே சொல்லுவான். கிழிக்காத கொப்பியின் பயன் அங்கேதான் தெரியும். ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையே வளர்ச்சி கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இருபது தாள்களுக்கு இடையே புலப்படும்.

வான் கோ அவ்வறுபது தாள்களை ஒருமுறை வரைந்ததோடு விட்டுவிடவில்லை. பெற்றோர் வீட்டுக்குத் திரும்பிய 1881இலும் பார்க்கின் நூலுக்கு மீண்டார். 1888இல் ஆர்ல் நகரத்து நாணலைச் சீவிப் பேனாவாக்கி அவர் வரைந்த வயற்காட்சிகள், உலகின் சிறந்த கோட்டோவியங்களுள் வைத்து எண்ணப்படுவன. அவ்வாறிருந்தும், 1890இன் கோடையில் ஓவேர் என்னும் சிற்றூரிலிருந்து, பார்க்கின் கரிக்கோற் பயிற்சித் தாள்களை மீண்டும் அனுப்புமாறு தம்பியைக் கேட்டெழுதினார். அறுபது தாள்களையும் ஒரு மாதத்துள் வரைந்து முடித்துவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. அவ்வாண்டு ஆடி 29இல், தமது முப்பத்தேழாம் வயதில் அவர் காலமானார். தியோ அடுத்த தை மாதத்திற் காலமானார்.